ஒரு மெழுகு, ஒரு பொட்டு

"இன்னொரு தடவை" என்கிறார் மெழுகக்கா. கண் மூடியிருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு துண்டு மெழுகு ஓயாமல் உருண்டுகொண்டிருக்கிறது. நான் பொத்தானை அழுத்துகிறேன். இயந்திரத்தின் ரப்பர் உதடுகள் சாக்ஸபோனின் வாய்த்துண்டைக் கவ்விப் பிடித்து, ஒரே சுரத்தை மூன்று விநாடி ஊதுகின்றன.

"போதும் தம்பி. நாத்தனார் இன்னும் மூக்காலதான் பேசறா. ஒரு கடுகு வெச்சாச் சரியாயிடும்."

உருட்டியதிலிருந்து கடுகளவு கிள்ளி, பித்தளைக் குழாயின் துளை ஒன்றில் விரலை விட்டு உள்விளிம்பில் அப்புகிறார். அடுத்த நொடி நீலக் கோட்டின் பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சுப் புட்டி வெளியே வருகிறது. உள்ளே மெழுகு இருக்கும் இடத்துக்கு நேராக, வெளிப்பக்கப் பித்தளையில் ஒரு பொட்டு. காயும்வரை நிற்கமாட்டார். மூடியைத் திருகிப் பைக்குள் போட்டுவிட்டு, "இன்னொரு தடவை" என்பார்.

அக்காவின் கைநகங்களில் ஒருநாளும் அந்தச் சிவப்பை நான் பார்த்ததில்லை. வருடத்துக்கு மூன்று புட்டிகள் வாங்குகிறார், மூன்றும் சாக்ஸபோனுக்கே. "ஒரு மெழுகு, ஒரு பொட்டு. மெழுகை எடுத்தாத்தான் பொட்டை அழிக்கணும். வெளியில பொட்டு இருந்தா உள்ள மெழுகு இருக்குன்னு அர்த்தம்." மாதிரிக்கூடத்தில் எழுதி ஒட்டாத சட்டம் இது ஒன்றுதான். போட்டவரும் அவரே, காவல்காரரும் அவரே.

எங்கள் தொழிற்சாலையில் சாக்ஸபோன் செய்கிறார்கள் என்று சொன்னால், எல்லோரும் தட்டித் தட்டி வளைப்பதைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். தட்டுவதும் வளைப்பதும் கீழ்த்தளத்தில். எதைத் தட்டுவது, எங்கே வளைப்பது, எந்தத் துளை எந்த இடத்தில் எவ்வளவு பெரிதாக வரவேண்டும் என்பதெல்லாம் முடிவாவது மேல்தளத்தின் மூலையில், இரண்டு ஜன்னல் உள்ள மாதிரிக்கூடத்தில். சாக்ஸபோன் என்பது அடிப்படையில் ஒரு பித்தளைக் கூம்பு. கூம்புக்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் போடுவது என் வேலை. ஆனால் அந்தக் கூம்பில் இருபத்துச் சொச்சம் துளைகளைப் போட்டு, கீழே வளைத்து மேலே திருப்பி, தலையில் ஒரு கழுத்தைச் செருகினால், கணக்கு பாதி வழியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடும். மீதி வழிக்கு மெழுகக்கா.

அவர் வேலை செய்யும் மாதிரிக் குழாயைப் பார்த்தால் அழகாயிருக்காது. அரை மில்லிமீட்டர் மேலே நகர்த்திய துளை, பழைய துளையை அடைத்த ஒட்டு, ஒட்டின்மேல் ஒட்டு. ஏழு பிள்ளை போட்டுக் கழித்த சட்டைபோல இருக்கும். எங்கேயாவது துளையைச் சின்னதாக்கினால் என்னவாகும் என்று பார்க்க முதலில் மெழுகு வைப்பார். சரிவந்தால் அதையே பித்தளையில் கொண்டுவருவார்கள். மெழுகு வெளியே வரும், பொட்டு அழியும்.

சுரங்களின் பெயர் அவருக்குத் தெரியாமல் இல்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எல்லா விரலையும் வைத்து ஊதும் நடு சுரம் நாத்தனார்: எப்போதும் மூக்கடைத்த குரல், எப்போதும் கொஞ்சம் எகிறி நிற்பாள். ஒரு விரலும் வைக்காமல் திறந்து ஊதும் சுரம் சின்ன மருமகள்: குரல் மெலிசு, கூட்டத்தில் கேட்காது. மேலே கடைசியில் கீச்சிடுகிறவன் கொழுந்தன். எல்லாவற்றுக்கும் அடியில், வயிற்றிலிருந்து வரும் கனத்த சுரம் மாமனார். "ஒரு வீட்டுக்குள்ள இத்தனை பேரை வெச்சுக் குடும்பம் நடத்தறது லேசா? நாத்தனாரைத் தாஜா பண்ணினா மருமக மூஞ்சியைத் தூக்கிக்குவா. மருமகளைச் சரிக்கட்டினா கொழுந்தன் கத்துவான். எல்லாரும் ஒரே பந்தியில உக்காரணும். அதுக்குப் பேர்தான் சாக்ஸபோன்." ஒரு முறை என் அளவீட்டு அறிக்கையில் கைதவறி, 'நாத்தனார் பன்னிரண்டு புள்ளி கூடுதல்' என்று எழுதி மேலாளருக்கு அனுப்பிவிட்டேன். அவர் கூப்பிட்டபோது திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "மருமகள் எப்படியிருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

பத்தொன்பது வயதில் இந்தத் தொழிற்சாலைக்கு வந்தவர் அக்கா. துளைகளை மூடும் மூடிகளுக்கு உள்ளே தோல் திண்டு ஒட்டும் வேலை. குழாய்க்குள் சின்ன விளக்கை இறக்கி, இருட்டறையில் உட்கார்ந்து, எந்த மூடியின் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது என்று பார்க்கவேண்டும். விளக்கு வருவதற்கு முன்பே எது கசியும் என்று அவர் சொல்லிவிடுவாராம். எப்படி என்று கேட்டால், "மூடும்போது சத்தம் கேட்குமே, கதவு சாத்துற மாதிரி. சரியா சாத்தாத கதவு யாருக்குத்தான் தெரியாது?" பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் திண்டு ஒட்டும் மேசையிலிருந்து மேல்தளத்தின் இரண்டு ஜன்னல் அறைக்கு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஊரில் அப்பா, பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் பையன்தான் அங்க சாக்ஸபோன் கண்டுபிடிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். கண்டுபிடிப்பது யார் என்று இதை வாசித்தாவது அவர் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொரு விநோதம். அக்கா சாக்ஸபோனை ஊதவே மாட்டார். ஊதத் தெரியும், ஆனால் தான் செய்வதில் ஒரு மூச்சுகூட விடமாட்டார். "பெத்தவ ஊதினா வாய் தானா வளைஞ்சு குடுத்துடும் தம்பி. எங்க கோணலோ அங்க நம்ம உதடு முட்டுக்குடுக்கும். அப்புறம் காது, நல்லாத்தான் இருக்குன்னு பொய் சொல்லும். உன் ரப்பர் வாயன் நல்லவன். யாருக்கும் சொந்தக்காரன் இல்ல." ரப்பர் வாயன் என்பது என் இயந்திரம்.

பதினாறு மாதம் அக்கா, டெனர் என்கிற கனத்த குரல் வகையில், ஒரு புதிய சாக்ஸபோனுக்காக மெழுகு உருட்டினார். அதற்குமுன் அவர் திருத்திய மாதிரிகள் எல்லாம் வேறு யாரோ வரைந்தவை. முதல் துளையிலிருந்து கடைசி வளைவுவரை அவர் காதில் பிறந்தது இது ஒன்றுதான். மாதிரி தயாரானதும் அதை வாசித்துப் பார்க்க ஒருவர் வந்தார். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றாதவர், அதனால் தொப்பிக்காரர். மேடையில் வாசிப்பவர். அவர் தலையாட்டினால்தான் எங்கள் தொழிற்சாலையில் ஒரு மாதிரி கீழ்த்தளத்துக்கு இறங்கும். வாசித்தார், தலையாட்டினார், தொப்பியைத் தூக்கி நெற்றியைச் சொறிந்துகொண்டார். "அடி சுரம் வெண்ணெய் மாதிரி இருக்கு. இவ்வளவு அமைதியான அடி சுரம் நான் வாசிச்சதே இல்லை" என்றார்.

அன்று அக்கா வீட்டுக்கு நடந்தே போனதாகப் பிறகு அவர் கணவர் சொன்னார். அவர் பஸ் ஓட்டுநர். "என் பஸ் பக்கத்துல வந்து ஹாரன் அடிக்கிறேன், ஏறலை. திரும்பிக்கூடப் பாக்கலை. பேசஞ்சரெல்லாம் சிரிக்கறாங்க" என்றார். சொல்லும்போது அவருக்கும் பெருமைதான்.

மாதிரியை வெளிப்புறமாக அளந்து வரைபடம் தயாரானது. வரைபடத்தை வைத்துக் கீழ்த்தளத்தில் அச்சுகள் செய்தார்கள். பித்தளைத் தகட்டை எந்த வடிவத்துக்கு அழுத்தவேண்டுமோ அந்த வடிவத்தில் எஃகில் கடைந்தெடுத்த அச்சுகள். அவற்றைச் செய்பவரை எல்லோரும் அச்சண்ணன் என்போம். ஒடிசலான ஆள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் அளவுகோல். தலைமுடி பருமனில் பத்தில் ஒரு பங்குக்குச் சண்டை பிடிப்பார். மூன்று டெனர்கள் அச்சிலிருந்து வந்தன. மூன்றையும் வாசிக்கத் தொப்பிக்காரர் ஒரு வியாழக்கிழமை வந்தார்.

மேல் சுரங்களில் எல்லோரும் சரியாகப் பேசினார்கள். நாத்தனார்கூட மூக்கைச் சிந்திவிட்டு வந்திருந்தாள். தொப்பிக்காரர் அடி சுரத்துக்கு இறங்கினார். க்ளக்-க்ளக்-க்ளக் என்று ஒரு சத்தம். காலையில் ஒருவர் வாயில் தண்ணீரை வைத்துக் கொப்பளிப்பதுபோல. அடுத்ததை எடுத்தார். அதுவும் கொப்பளித்தது. மூன்றாவதும். தொப்பிக்காரர் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்தார். மேலாளர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் வளைவுகளை மாற்றிப் பார்த்தோம். சாக்ஸபோனின் அடியில் இருக்கிறதே கொக்கிபோல, குழாய் கீழே இறங்கி மேலே திரும்புகிற இடம், அது அடிவளைவு. அது தனித் துண்டு, திருகு வளையத்தைக் கழற்றினால் வந்துவிடும். அச்சில் செய்த வளைவை மாதிரியில் பூட்டினோம். மாதிரி கொப்பளித்தது. மாதிரியின் வளைவை அச்சு டெனரில் பூட்டினோம். வெண்ணெய். மறுபடி மாற்றினோம், மறுபடி அதே. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அச்சில் செய்த வளைவுதான் குற்றவாளி.

"அப்போ அச்சுதான் கோளாறு" என்றார் மேலாளர். "இனிமே அச்சு வேலையை வெளியில குடுத்துப் பாக்கலாம். திங்கட்கிழமை ரிப்போர்ட் எழுதிடறேன். அச்சு சரியாகலைன்னா பழைய மாடலே ஓடட்டும்."

அச்சண்ணன் கதவோரம் நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்து மேசைமேல் வைத்தார். "படத்துல என்ன இருக்கோ அதுதான் என் அச்சுல இருக்கு. பதினோரு தடவை அளந்துட்டேன். வேணும்னா பன்னெண்டாவது தடவை நீங்க அளங்க." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "என்ன தங்கச்சி, உன் மாமனார் என் வாசல்ல வந்துதான் வாய் கொப்பளிக்கணுமா?"

அண்ணன் போனபிறகு அக்கா என்னிடம் சொன்னார்: "அவன் அளந்தா அளந்ததுதான். பொண்ணு பாக்கப் போன எடத்துல வாசக்கதவு கோணலா இருக்குன்னு சொல்லிட்டு வந்தவன். அவன் அச்சு தப்புன்னா எனக்குத் தூக்கம் வராது." சிறிது நேரம் மெழுகை உருட்டினார். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. வரும்போது அளவு போட்ட கண்ணாடிக் குவளை ஒண்ணு எடுத்துட்டு வா."

அக்காவின் வீடு இரண்டாம் மாடியில், இரண்டறை. சமையலறை ஜன்னலில் மூன்று பூந்தொட்டிகள். நான் போனபோது, காய்கறிப் பையிலிருந்து இரண்டு பித்தளை வளைவுகளை எடுத்து அவர் பாத்திரம் கழுவும் தொட்டிமேடையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்று அச்சுக்கூடத்தது, ஒன்று மாதிரியினது. வளைவில் உள்ள துளைகளை டேப் போட்டு இறுக்கமாக அடைத்திருந்தார். இரண்டு வாயும் மேலே பார்க்கும்படி, வாளியின் கைப்பிடியைத் தலைகீழாக்கியதுபோலக் கணவர் பிடித்துக்கொண்டார். மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள்தான் தண்ணீர் ஊற்றினாள். வழியும் வரை ஊற்றி, பிறகு குவளையில் கவிழ்த்து அளந்தோம்.

"ஆடாம பிடிங்க" என்றார் அக்கா.

"பிடிச்சிருக்கேன்மா. அறுபது பேரை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில போறவன். இது ஆடிடுமா?"

"அங்க சீட் பெல்ட் இருக்கு."

முதலில் அச்சண்ணனின் வளைவு. பிறகு மாதிரியினது. மகள் குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். சந்தேகப்பட்டு மறுபடி ஊற்றச் சொன்னாள். பிறகு சொன்னாள்:

"அம்மா, உன்னுது ரெண்டு ஸ்பூன் கம்மியாக் குடிக்குது."

அக்கா மாதிரியின் வளைவைக் கவிழ்த்து உதறினார். சின்ன முனை வழியாக நடுவிரலை விட்டார். எட்டவில்லை. பெரிய முனை வழியாக விரல்களைக் குவித்துக் கையை நுழைத்தார். மணிக்கட்டுவரை போனது. முகம் அப்படியே நின்றுவிட்டது. வெளியே வந்த கையில் நெல்லிக்காய் அளவு மெழுகு, ஒருபக்கம் தட்டையாக, பித்தளையின் வளைவு பதிந்து. மறுபக்கத்தில் ஒரு கட்டைவிரலின் ரேகை, சுழி சுழியாக, தெளிவாக. யாருடைய விரல் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா மெழுகை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார்.

"நான் வெச்சதுதான்" என்றார். "எட்டு மாசத்துக்கு முன்னாடி. மாமனார் அப்பவே கொப்பளிச்சாரு. இதை வெச்சதும் நின்னுச்சு. அப்புறம் புதுக் கழுத்து வந்துச்சு. கழுத்து வந்ததால திருந்திட்டாருன்னு நெனச்சுட்டேன்."

"பொட்டு வைக்கலையாக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவேண்டாம்.

"வெச்சேன். தொப்பிக்காரர் மொத தடவை வர்றதுக்கு முந்தின நாள், மொத மொதல்ல என் பொருள் சபைக்குப் போகுதேன்னு, பாலிஷ் போட்டேன். பாக்க நல்லாயிருக்கணும்னு எல்லாப் பொட்டையும் தொடச்சேன். தொடச்சிட்டு ஞாபகத்துல மெழுகை எடுத்தேன். ஆறு எடுத்தேன். ஏழு இருந்திருக்கு."

அவர் போட்ட ஒரே சட்டத்தை அவரே தலைகீழாகச் செய்திருக்கிறார். மெழுகை எடுத்துவிட்டுத்தான் பொட்டை அழிக்கவேண்டும். அழகு பார்க்கிற அவசரத்தில் முதலில் பொட்டு போய்விட்டது.

நானும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வளைவு கொப்பளிக்கும் என்று என் கணக்கு மாதங்களுக்கு முன்பே சொன்னது. மாதிரியோ வெண்ணெயாகப் பேசியது. நான் கணக்கு தப்பு என்று நினைத்து, கூச்சப்பட்டு, ஓர் எண்ணை மாற்றி, கணக்கையும் வெண்ணெயாக்கிவிட்டேன். அதை அன்று அக்காவிடம் சொன்னேன். "உன் கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு. நீதான் அதைக் கைவிட்டுட்ட" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

கணவர் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "சரி, நடந்தது நடந்துபோச்சு. அதைத் திருப்பி அதே எடத்துல ஒட்டி வெச்சிடு. யாருக்குத் தெரியப்போகுது? அச்சைத் திருத்துங்கன்னு சொல்லிட்டாங்கள்ல? அவங்க திருத்திக்கிட்டுப் போறாங்க."

"உங்க பஸ்ஸுல பிரேக் பிடிக்கலைன்னா கண்டக்டர் மேல எழுதி வைப்பீங்களா?"

"வைக்க மாட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா... அந்த ஆளு என்னைச் சும்மா விடமாட்டான்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மகளின் மூக்குக்கண்ணாடிப் பெட்டியைக் காலிசெய்து நீட்டினார். "இதுல வெச்சு எடுத்துட்டுப் போ. பையில போட்டா ரேகை அழிஞ்சிடும்."

திங்கட்கிழமை மேலாளரின் அறையில், அச்சுக்கூடத்தைப் பற்றிய அறிக்கை கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. அச்சண்ணன் வழக்கம்போல் கதவோரம். அக்கா கண்ணாடிப்பெட்டியைத் திறந்து, மெழுகை எடுத்து, அறிக்கையின்மேல் வைத்தார்.

"இதுதாங்க சார் கோளாறு. மாதிரி வளைவுக்குள்ள இருந்துச்சு. நான் வெச்சு மறந்தது. அண்ணனோட அச்சு படத்துல உள்ளபடி இருக்கு. படத்துலதான் இது இல்ல."

மேலாளர் மெழுகைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அப்போ நம்ம மாதிரியே கொப்பளிக்கும். இல்லையா?"

"கொப்பளிக்கும் சார்."

"தொப்பிக்காரர் தலையாட்டினது இந்த மெழுகுக்கா?"

"இதுக்குத்தான். ஆனா இதையும் நான்தான் சார் வெச்சேன்." குரல் உயரவில்லை, இறங்கவும் இல்லை. "நான் மறந்தது தப்பு. மெழுகு தப்பில்ல. இது இருக்கிற எடத்துல பித்தளை வரணும். வந்தா மாமனார் பேசுவாரு. எனக்கு நாள் குடுங்க."

அச்சண்ணன் வந்து மெழுகை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். ரேகையைத் திருப்பிப் பார்த்தார். "மூணு நாளா நான் சோறு திங்கலை தங்கச்சி."

"தெரியும்ணே. திட்டுங்க."

"திட்டறது எங்க போயிடப்போகுது, அது ஆயுசுக்கும் இருக்கு. இதோட ஓரம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது? மொத அதைச் சொல்லு." பையைத் தடவினார். அளவுகோல் வெள்ளிக்கிழமையிலிருந்து மேலாளரின் மேசையிலேயே கிடந்தது. எடுத்து மெழுகின்மேல் வைத்தார்.

"வர்ற வியாழன் விட்டு அடுத்த வியாழன்" என்றார் மேலாளர். அறிக்கையை மடித்து இழுப்பறையில் போட்டார்.

அதற்குப் பிறகு பத்து நாட்கள் மாதிரிக்கூடத்தில் நடந்ததைத் தொழிற்சாலையில் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மெழுகுக்குப் பதிலாக வளைவின் சுவரையே உள்ளே தள்ளிப் பார்க்கவேண்டும். அதாவது பித்தளையில் ஒடுக்கு விழவைக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் ஒடுக்கு என்பது கெட்ட வார்த்தை. கீழ்த்தளத்தில் ஒடுக்கு எடுப்பதற்கென்றே நான்கு பேர் சம்பளம் வாங்குகிறார்கள். அக்கா அவர்களிடமே போய், மரச்சுத்தியல் கேட்டார். எதற்கு என்றார்கள். "ஒடுக்கு போட" என்றார். நால்வரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் கண்ணெதிரே, கண்ணாடிபோல் வந்த புது வளைவில், மணல் மூட்டையின்மேல் வைத்து, மெதுவாக மூன்று தட்டு. அந்த நால்வரில் மூத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் வளைவில் மாமனார் அமைதியானார், ஆனால் பக்கத்து சுரம் கம்மியது. இரண்டாவதில் இருவரும் கத்தினார்கள். நான் கைவிட்டிருந்த கணக்கைத் தூசி தட்டி எடுத்தேன். ஒரே இடத்தில் பள்ளமாக இல்லாமல், ஒரு சாண் நீளத்துக்கு மெல்ல மெல்ல ஒடுங்கி விரியவேண்டும் என்றது கணக்கு. அக்கா ரப்பர் வாயனைக் கேட்டுக் கண்ணை மூடினார். "உன் கணக்கு சொல்ற எடத்துல இருந்து ஒரு மிளகு தள்ளி" என்றார். மிளகு என்பது அவர் பேச்சில் ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர். நான்காவது வளைவில் ரப்பர் வாயன் அடி சுரத்தைப் பிடித்தான். விட்டுவிடாமல் பன்னிரண்டு விநாடி. நான் பொத்தானை அணைக்க மறந்துபோனேன். அச்சண்ணன் இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர், கீழ்த்தளத்திலிருந்து அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்துவிட்டார். "மாமனாரா?" என்றார் வாசலிலிருந்தே.

"மாமனார்தான்ணே."

"கொப்பளிக்கலை?"

"நீங்களே கேளுங்க."

கேட்டார். அன்றே அச்சைத் திருத்தத் தொடங்கினார். ஒடுக்குப் போட்ட வளைவை அளந்து எஃகில் கொண்டுவந்தார். இப்போது யாரும் தட்டவேண்டியதில்லை. பித்தளை அழுத்தி வரும்போதே அந்த ஒடுக்கம், வெளியே பார்க்கிறவருக்குத் தெரியாத ஒரு நளினமாக, வளைவோடு கூடவே பிறந்துவிடும்.

சொன்ன வியாழனன்று தொப்பிக்காரர் வந்தார். நடந்தது எதையும் அவரிடம் மறைக்கவேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டதால், மேலாளர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "அப்போ அன்னைக்கு நான் வாசிச்சது மெழுகு" என்றார் அவர். "இன்னைக்கு என்ன குடுக்கறீங்க?" "பித்தளை" என்றார் அக்கா. அவர் வாசித்தார். மேலேயிருந்து தொடங்கி, ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் நின்று நலம் விசாரிப்பதுபோல நிதானமாகக் கீழே இறங்கினார். கொழுந்தன், மருமகள், நாத்தனார். அடி சுரத்துக்கு வந்து, மூச்சை இழுத்து, முணுமுணுப்புபோலத் தொடங்கினார். ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. சத்தம் வளர்ந்தது, தேய்ந்தது, மறுபடி வளர்ந்தது. ஒரு குமிழ்கூட இல்லை. முடித்து, வாத்தியத்தை மடியில் வைத்து, தொப்பியைக் கழற்றினார். முழுதாக. தலையில் முடியே இல்லை என்பதை அன்றுதான் பார்த்தோம்.

"வெண்ணெய் இல்ல இது. இது அதைவிட ஒரு படி மேல" என்றார்.

மேலாளர் கைதட்டினார். அறை முழுக்கக் கைதட்டியது. புது மாடலின் விளம்பரத்துக்கு இதையே படமெடுக்கலாம் என்றார் மேலாளர். பாலிஷ் போடுகிறவர் துணியோடு தயாராக வந்துவிட்டார்.

"தொடாதீங்க" என்றார் அக்கா.

வாத்தியத்தைத் தன் பக்கம் திருப்பினார். குழாயின் பக்கவாட்டில் இரண்டு சிவப்புப் பொட்டுகள் இருந்தன. கடைசி வாரத்தில் நாத்தனாருக்கும் மருமகளுக்கும் மெழுகு வைத்துப் பார்த்துவிட்டு எடுத்த இடங்கள். அக்கா கோட்டுப் பையில் கைவிட்டு, இடது உள்ளங்கையை விரித்து அச்சண்ணனிடம் நீட்டினார். அதில் இரண்டு மெழுகுத் துண்டுகள். ஒன்று கடுகு, ஒன்று மிளகு.

அண்ணன் குனிந்து, வேண்டுமென்றே நிதானமாக, விரலால் தொட்டு எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு. சரியா இருக்கு தங்கச்சி. தொடச்சுக்க."

பஞ்சை நனைத்து அக்கா ஒரு பொட்டை அழித்தார். அடுத்ததையும் அழித்தார். பாலிஷ்காரர் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. வாத்தியத்தைத் தலைகீழாகத் திருப்பி மடியில் கிடத்தி, அடிவளைவின் கீழ்ப்புறத்தில், வாசிக்கும்போது தரையை மட்டுமே பார்க்கிற அந்தப் பக்கத்தில், மறந்துபோன ஏழாவது மெழுகு இப்போது பித்தளையாகியிருக்கிற இடத்துக்கு நேராக, புட்டியைத் திறந்து புதிதாக ஒரு பொட்டு வைத்தார். பிறகு குனிந்து, உதட்டைக் குவித்து, அது காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.